நெட் நின்றால் எங்கே நின்றது? ராமநாதபுரம் கடலோரத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

தொண்டி முதல் சாயல்குடி வரை, பாம்பன் பாலத்தைத் தாண்டினால் தனுஷ்கோடி வரை, இந்தக் கரையில் நெட் நின்றவுடன் யாராவது ஒருவர் மோடத்தின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்திவிடுகிறார். இணைப்பு கொடுத்தவர்கள் ஏற்றிவைத்த பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் எல்லாம் அந்த ஓர் அழுத்தலில் அழிந்துபோகும். ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் கோளாறுக்காக, லைன்மேன் வந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும் வரை காத்திருக்க வேண்டி வரும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடலாம். அதனால் எதுவும் அழியாது. ஊசியை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

போனிலிருந்து ஒரு செய்தி வெளியே போக ஐந்து இடங்களைக் கடக்கிறது. முதலில் போன் அல்லது கம்ப்யூட்டர். அடுத்து வைஃபை அல்லது லேன் கேபிள். மூன்றாவது ரவுட்டர். நான்காவது, ஃபைபரில் வரும் ஒளியை வாங்கும் ஓஎன்டி பெட்டி. பல வீடுகளில் இப்போது ரவுட்டரும் ஓஎன்டியும் ஒரே பெட்டிதான். ஊரில் இரண்டையும் மோடம் என்றே சொல்கிறோம். ஐந்தாவது, அதற்கு வெளியே உள்ள கம்பியும் நிலையமும். எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் எதிலும் கை வைக்க வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகள் போதும். ஒரு போனில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? ஒரு செயலி மட்டும் திறக்கவில்லையா, எதுவுமேயா? எப்போதுமேவா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா? ஒரு போனில் மட்டும் என்றால் மோடத்தை விட்டுவிட்டு அந்தப் போனைப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் உங்கள் வீட்டில் திருத்த ஒன்றுமில்லை.

மோடத்தில் சிவப்பு லைட் மின்னுகிறது

எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு மின்னினால், ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். உங்கள் போன், வைஃபை, கடவுச்சொல் எதற்கும் இதில் பங்கு கிடையாது.

நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து நிலையத்துக்கு 1310 நானோமீட்டரிலும், ஒரே கண்ணாடி இழையில் ஒளி போய் வருகிறது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே, கழற்றிய ஃபைபர் முனையை ‘வெளிச்சம் வருதா’ என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லியே வைக்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது கம்பி வரும் வழி. ஃபைபர் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா? பீரோவை நகர்த்தும்போது சுவரோடு நசுங்கியதா? மாடியில் அதையே கொடிக்கயிறாக்கித் துணி காயப்போட்டிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் காரணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஈரப் போர்வை ஒன்றின் கனமே இழையை வளைத்து ஒளியைக் கசியவிடப் போதும். மடிப்பை நீக்கி, உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வட்டமாகச் சுற்றி வையுங்கள். பச்சை முனை பெட்டியில் ‘டிக்’ என்று முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த முனையைச் சட்டைத் துணியால் துடைக்க வேண்டாம், தூசி இன்னும் அப்பிக்கொள்ளும். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல முனை நேராகத் தீட்டப்பட்டது. ஒன்றோடு ஒன்றைக் கோத்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி குறைந்துவிடும். அவசரத்துக்கு யாராவது நீல முனை போட்டுவிட்டுப் போயிருந்தால் கவனியுங்கள்.

நம் கரையில் இதற்கென்று ஒரு காரணம் உண்டு. தூணிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் இழையைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து அறுந்தால், காற்றின் இழுப்பு முழுவதும் கண்ணாடி இழை மேல் விழும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போதும், ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு மழை சேரும்போதும் ஒரே தெருவில் பல வீடுகளில் சிவப்பு லைட் எரிவதற்கு இது ஒரு காரணம். பனை மட்டை விழுந்து அறுவது இன்னொன்று. கம்பி தளர்ந்து தொங்குவதைக் கோடையிலேயே பார்த்துவிட்டால் அப்போதே சொல்லி இழுத்துக் கட்டச் செய்யுங்கள்.

சிவப்பு எரியாமல் நெட் மட்டும் அறுந்து அறுந்து வந்தால், பிரவுசரில் மோடத்தின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) அடித்தால் வரும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ‘ஆப்டிகல் பவர்’ எண்ணைப் பாருங்கள். அது ஒளியின் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கில், கழித்தல் குறியோடு இருக்கும். −8 முதல் −27 வரை பெட்டி வேலை செய்யும். −20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. −26, −27 என்றால் விளிம்பில் நிற்கிறது. ஒவ்வொரு 3 எண் இறக்கத்துக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்ணின் அர்த்தம் புரியும். அதைக் குறித்துவைத்து, லைன்மேனிடம் “அண்ணே, பவர் மைனஸ் இருபத்தேழு காட்டுது” என்று சொன்னால், அவர் கையோடு என்ன கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பிஓஎன் லைட் பச்சையில் மின்னிக்கொண்டே இருந்தால் பெட்டி இன்னும் நிலையத்தில் பதிவாகவில்லை. பத்து நிமிடம் பொறுத்தும் நிலையாக எரியவில்லை என்றால் புகார் பதியுங்கள்.

வைஃபை காட்டுகிறது, ஆனால் ‘இணையம் இல்லை’

மோடத்தில் எல்லா லைட்டும் சரி, போனில் வைஃபை குறியும் முழுசு, ஆனால் எதுவும் திறக்கவில்லை. இங்கேதான் படிப்படியாகப் போக வேண்டும்.

முதல் படி, முகவரி. போனில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு விவரம் பாருங்கள். கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்ற கட்டளையைக் கொடுங்கள். 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. சில பெட்டிகள் 10 என்று தொடங்கும் எண்ணைக் கொடுக்கும், அதுவும் சரி. 169.254 என்று தொடங்கினால், கேட்டுப் பார்த்து யாரும் முகவரி கொடுக்காததால் கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபை அமைப்பில் ‘ஃபர்கெட்’ கொடுத்து அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள், பிறகு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

இரண்டாவது படி, ரவுட்டர் பேசுகிறதா? விவரத்தில் ‘கேட்வே’ என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. அந்த எண்ணுக்கு ‘பிங்’ கொடுங்கள், அதாவது கமாண்ட் பிராம்ப்டில் ping என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணை எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் கோளாறு.

மூன்றாவது படி, 8.8.8.8-க்கு பிங். இது கூகுள் பொதுவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் சர்வர். ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லவில்லை என்றால், ரவுட்டருக்கு வெளியே நின்றிருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிபிபிஓஇ இணைப்பு (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து நிறுவனத்தோடு சேரும் இணைப்பு) ‘டிஸ்கனெக்டட்’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கட்டணம் கட்டும் தேதி கடந்ததா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நான்காவது படி, ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங். 8.8.8.8 பதில் சொல்கிறது, பெயர் மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்றால், சாலை திறந்துதான் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் மட்டும் நின்றிருக்கிறது. ரவுட்டரிலோ கம்ப்யூட்டரிலோ டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, அதற்குத் துணையாக 1.1.1.1 என்று கொடுங்கள். ‘நெட் வரல’ என்று சொல்லப்படும் இணைப்புகளில் ஒரு பங்கு இந்த இரண்டு எண்களிலேயே எழுந்துவிடும்.

ஒரே ஒரு போனில் மட்டும், எந்த வைஃபைக்குப் போனாலும் இதே கதை என்றால், ஆண்ட்ராய்டில் ‘ப்ரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பைத் திறந்து பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்க யாரோ ஒரு பெயரை அங்கே எழுதிவைத்து, அந்தச் சர்வர் நின்றுபோயிருக்கும். அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். பழைய மேசைக் கம்ப்யூட்டரில் எல்லாத் தளமும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சொன்னால் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ் தேதியோடு அது பொருந்தாது, அதனால்தான் எச்சரிக்கை. சில பத்து ரூபாய் பேட்டரியில் தீரும் வேலைக்கு விண்டோஸை அழித்துப் போட வேண்டியதில்லை.

விடுதியில் சிலருக்கு வருகிறது, புதிதாக வருபவருக்கு வரவில்லை

ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் இந்தக் கோளாறு தெளிவாகத் தெரியும். காலையில் சேர்ந்தவர்களுக்கு வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். மதியம் வந்தவர் போனில் ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே நிற்கும். விடுதிக்காரர் வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுவார். கோளாறு அப்படியே இருக்கும்.

முகவரி தீர்ந்துபோனதுதான் காரணம். வீட்டு ரவுட்டரில் டிஎச்சிபி (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) பட்டியல் 100 முகவரியோடு நிற்பது சாதாரணம். முழுதாகத் திறந்துவிட்டாலும் ‘சப்நெட் மாஸ்க்’ 255.255.255.0 என்ற அமைப்பில் 254-க்கு மேல் இடம் கிடையாது. பல ரவுட்டர்களில் ஒருமுறை கொடுத்த முகவரி 24 மணி நேரத்துக்கு அந்தப் போனின் பெயரிலேயே இருக்கும். அறையைக் காலி செய்தவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறியது போல, அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டவரின் போன் இங்கே ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும்.

டிஎச்சிபி பக்கத்தில் ‘லீஸ் டைம்’ என்பதை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். பட்டியலை .2 முதல் .254 வரை நீட்டுங்கள். கூட்டம் அதற்கும் மேல் என்றால் சப்நெட் மாஸ்க்கை 255.255.252.0 என்று மாற்றினால் 1022 முகவரி கிடைக்கும். சின்ன ரவுட்டர்கள் அத்தனை போனைத் தாங்காது, அப்போது பெட்டியையே மாற்ற வேண்டும். அதோடு ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: பில் போடும் கம்ப்யூட்டரும் கேமரா பதிவுப் பெட்டியும் யாத்ரீகர்களின் வைஃபையில் இருக்கவே கூடாது. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதியை இயக்கி விருந்தினரைத் தனியே பிரித்துவிடுங்கள்.

வீட்டிலும் இதே அறிகுறி, ஆனால் ஐந்தாறு போன்தான் இருக்கிறது என்றால், யாராவது இரண்டாவது ரவுட்டரை வாங்கி மாட்டியிருப்பார்கள். இரண்டும் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும். பழையதிடம் வாங்கிய போனுக்கு நெட் வரும், புதியதிடம் வாங்கியதற்கு வராது. இரண்டாவதில் டிஎச்சிபியை நிறுத்துங்கள், அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல வேறாக்குங்கள், கேபிளை அதன் வேன் (வெளி இணைப்பு) துளையில் இல்லாமல் லேன் துளையில் சொருகுங்கள்.

ஹாலில் வேகம், உள் அறையில் ஒன்றுமில்லை

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் தடிமன். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் தாண்டும். உள் அறையில் இருப்பவர் 2.4-இல் சேரட்டும், ஹாலில் தொலைக்காட்சி 5-இல் இருக்கட்டும். மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் கண்ணாடி மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்; இரும்பு தடுக்கும், தண்ணீர் உறிஞ்சும்.

சிக்னல் முழுசாக இருந்தும் மந்தம் என்றால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல். ராமேஸ்வரம் ரத வீதிகளில் விடுதிகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் இது கடுமை. 2.4-இல் ஒன்றையொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 மட்டுமே. மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். 3, 4, 8 என்று நடுவில் போய் நின்றால் இரு பக்கத்து இரைச்சலையும் வாங்குவீர்கள்.

வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் சின்ன ரிப்பீட்டர்கள் வேகத்தைப் பாதியாக்கும். பணம் செலவழிப்பதென்றால் உள் அறைக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே நிலைக்கும்.

நூறைத் தாண்டாத வேகம், மாடிக் கேமரா அடிக்கடி மறைகிறது

300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94, 95-இலேயே நிற்கிறதா? அந்த எண் ஒரு தடயம். லேன் கேபிளில் எட்டு கம்பிகள். ஆயிரம் வேகத்துக்கு எட்டும் வேண்டும், நூறுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு போதும். மற்ற நான்கில் ஒன்று தொடாமல் போனாலும் இணைப்பு அறுவதில்லை. பல நேரம் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும்.

கடலோரத்தில் அந்த ஒன்று போவதற்கு உப்பே போதும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்தில் மொட்டை மாடிக் கேமராவின் முனையைக் கழற்றிப் பாருங்கள். பற்களில் பச்சையாகப் பூத்திருக்கும். கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில் போகிறதென்றால் அரிப்பு இன்னும் வேகம், ஏனென்றால் ஈர உப்பின் ஊடே நேர்மின்சாரம் ஓடும்போது உலோகம் கரைகிறது. சுரண்டிச் சுத்தம் செய்வது சில நாள் தாங்கும், அவ்வளவுதான். முனையை வெட்டி, உள்ளே பளபளப்பான செம்பு தெரியும் வரை பின்வாங்கி, புது முனை போடுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. இணைப்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிள் கீழிருந்து மேலாக ஏறி உள்ளே நுழையும்படி விடுங்கள். மழைத் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

கேபிள் வாங்கும்போது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை வாங்காதீர்கள். விலை குறைவு, கனமும் குறைவு. கையில் தூக்கினாலே தெரியும். பூச்சு கீறிய இடத்தில் உப்புப் பட்டால் அலுமினியம் பொடியாகிவிடும். முழுச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை, நீளம் 100 மீட்டருக்குள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிளே வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தால் இரு பக்கத்துப் பெட்டிகளும் போகும். அங்கே ஃபைபர் இழுப்பதுதான் நல்லது.

ஒரு கேபிளைச் சொருகியதும் மொத்த நெட்டும் செத்துவிடுகிறது

பல லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டியின் லைட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பித்துப்பிடித்த மாதிரி மின்னினால், ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் மாட்டியிருக்கிறது. ஒரு செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. கடைசியாகச் சொருகியதைப் பிடுங்குங்கள்.

மோடம் தானாக அணைந்து அணைந்து எரிகிறது

முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட். எத்தனை ஆம்பியர் என்று பெட்டியின் அடியில் எழுதியிருக்கும், அதற்குக் குறையாத அடாப்டர் வேண்டும். பழைய அடாப்டரில் லைட் எரியும், வைஃபை முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் துவண்டு விழும். கரண்ட் போகும் நேரத்துக்கு ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் நல்ல செலவு. அது இருந்தும் ஊர் முழுக்கக் கரண்ட் போகும்போது நெட் நின்றால், தெருப் பெட்டியில் பேட்டரி இல்லை என்று பொருள்.

துபாயிலிருந்து வீட்டுக் கேமரா தெரியவில்லை, வாட்ஸ்அப் கால் போகவில்லை

“காக்கா (அண்ணா), போர்ட் திறந்துவிட்டேன், அப்பவும் தெரியலையே” என்று கீழக்கரைப் பிள்ளைகள் கேட்பதுண்டு. போர்ட் என்பது வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் திறக்கும் கதவு. ரவுட்டர் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. பல வீடுகள் சேர்ந்து ஒன்றைப் பங்கிடுகின்றன. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அவை போதாமல் போனதால், இப்படிப் பங்கிடுவதற்கென்றே 2012-இல் அந்த எண்களை ஒதுக்கினார்கள். இதில் நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து கதவு தெரியாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பாருங்கள், அல்லது நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள். எதைச் செய்தாலும் கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வீட்டுக்குள் பெண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்தை ஊரறிய விடக்கூடாது.

வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, கால் மட்டும் இணையவில்லை, அந்தப் பக்கம் அமீரகம் என்றால், மோடத்தைத் தொடாதீர்கள். அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் பேச வேண்டும்.

கால் இணைந்து, முகம் மட்டும் நின்று நின்று வந்தால், பேசிக்கொண்டே ரவுட்டருக்கு பிங் கொடுங்கள். சில மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தால் வைஃபை நலம், தடை வெளியே. ரவுட்டருக்கே 200, 300 ஆனால் மோடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

பணம் வந்துவிட்டது, கடையில் பெட்டி குரல் கொடுக்கவில்லை

மீன் கடையில் கியூஆர் அட்டையோடு இருக்கும் பேசும் பெட்டிக்குள் பெரும்பாலும் தனி சிம் இருக்கும். கடை வைஃபைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தகரக் கூரைக்கு அடியிலிருந்து வெளியே நகர்த்தி வையுங்கள், சார்ஜ் பாருங்கள். குரல் வராததால் வாடிக்கையாளரை இரண்டாம் முறை பணம் அனுப்பச் சொல்லாதீர்கள். உங்கள் செயலியில் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

தனுஷ்கோடியில் போன் இலங்கைக்குத் தாவுகிறது

அரிச்சல்முனையில் நிற்கும்போது ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வரும், நெட் நின்றுவிடும். தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம்தான், நடுவில் கடலைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. தண்ணீருக்கு மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன் மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றால், செல்போன் அலை மேலே சிதறாமல் வளைந்து இன்னும் தூரம் போகும். அதனால்தான் சில மாலைகளில் ராமேஸ்வரம் தீவின் உள்ளேயும் இலங்கைச் செல்போன் கோபுரம் பிடிக்கிறது.

முதலில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள், கட்டணம் ஏறாமல் இருக்க. பிறகு நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, பட்டியலில் உங்கள் நிறுவனத்தைக் கையால் தேருங்கள். சில போன்களில் பெயர் வராமல் எண் மட்டும் வரும். 404 அல்லது 405 என்று தொடங்குவது இந்தியா, 413 என்று தொடங்குவது இலங்கை.

படகில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வடகடலோ தென்கடலோ, கரையை விட்டுப் போகப் போகப் போன் எந்த நேரமும் கைவிடலாம். பழைய 2ஜி கோபுரம் சாதாரண அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் போனோடு பேசவே முடியாது. சிக்னல் போய்வரும் நேரத்தைக் கணக்கிடும் அதன் முறை அவ்வளவுதான் இடம் கொடுக்கும். ஆபத்துக்கு விஎச்எஃப் ரேடியோ கருவியில் சானல் 16-ஐ நம்புங்கள், போனை நம்பாதீர்கள்.

தனுஷ்கோடியிலிருந்து திரும்பியதும் நெட்வொர்க் தேர்வை மறுபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். ஒரே நிறுவனமானாலும் மாநிலத்துக்கு மாநிலம் எண் மாறலாம்; கையால் தேர்ந்ததை அப்படியே விட்டால், கேரளாவுக்கோ பெங்களூருக்கோ போய் இறங்கும்போது ‘சேவை இல்லை’ என்று போன் நிற்கக்கூடும்.